மலைக்காட்டு மக்களின் தொன்மையைக் காக்கக் கோரிக்கைச் சாசனம்

லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம்

தமிழ்நாடு அரசுக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும், வனத்துறைக்கும்:

வெள்ளாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு மலைக்காட்டைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடித்தான் எங்கள் ஆறு ஆகிறது. இரண்டும் மலையில் பிறப்பவை. அந்த மலைகளில் முன்பு யார் இருந்தார்கள் என்பது எங்கள் கதையின் முதல் பாகம்.

தமிழகத்தில் அகழாய்வு என்றதும் கீழடி, ஆதிச்சநல்லூர், கொடுமணல், எங்கள் பக்கம் மாளிகைமேடு என்றே பேச்சு. அவை நடக்கட்டும், இன்னும் ஆழமாகவே தோண்டட்டும். ஆனால் வரைபடத்தில் பச்சை நிறம் தொடங்கும் இடத்தில் கடப்பாரை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அடர்காட்டில் ஆதிமனிதன் பிழைத்திருக்க மாட்டான் என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. இலங்கை அதைப் பொய்யாக்கி வெகுநாளாயிற்று. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில், சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு மக்கள் எலும்பைச் சீவி அம்புமுனை செய்து, குரங்கையும் அணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள். ஈக்வடாரின் உப்பானோ பள்ளத்தாக்கில் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளந்தபோது, அமேசான் மரங்களுக்கடியில் 6,000-க்கும் மேற்பட்ட மண்மேடைகளும் நேரான சாலைகளும் தெரியவந்தன. அந்த ஆய்வு 2024-இல் வெளியானது.

ஆகவே நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலைக் காடுகளில் இதே லேசர் அளவையைத் தொடங்க வேண்டும். கிழக்கு மலைகள் பெரும்பாலும் வறண்ட காடுதான். இருந்தாலும் அவற்றை விட்டுவிடக் கூடாது.

சேர்வராயன் போன்ற மலைகளின் சிறு கோயில்களில் புதிய கற்காலக் கோடாரிகள் சாமியாக இருக்கின்றன: ஒரு முனை கூராகத் தேய்ந்த, எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கற்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டியவற்றை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக அரசு வாங்கியது. மிச்சமுள்ளவற்றையும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, அளந்து, பதிவு செய்யுங்கள். பூசை செய்கிறவரிடமிருந்து சாமியைப் பிடுங்குவது ஆய்வாகாது.

நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த சுடுமண் உருவங்களும் வெண்கலக் கிண்ணங்களும் லண்டனிலும் சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவர் நூல் வெளியானது 1873-இல். ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பிறகாவது முழுப் பட்டியல் தமிழில், படங்களோடு வர வேண்டும். லண்டனில் உள்ளவற்றைத் திரும்பக் கேட்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள்மேல் வந்துபோகிறவர்கள் கிறுக்கிய பிறகும் காவல் போடத் தயங்குவது ஏன்?

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரம் இதிலும் செல்ல வேண்டும். சபை ஒப்பாமல் ஒரு குழியும் வெட்டக் கூடாது. தொல்லியல் தலம் என்று பலகை நட்டு இருளரையோ குறும்பரையோ மலையாளிப் பழங்குடியினரையோ வெளியேற்றுவதை ஏற்க மாட்டோம். வழிகாட்டும் பழங்குடி இளைஞருக்கு நாள்கூலி மட்டும் போதாது, அறிக்கையில் பெயரும் வர வேண்டும்.

எங்கள் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தை 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டினார். 18 மீட்டர் நீள மரம் இன்று வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. மரத்துக்குச் செய்ததை மனிதர் விட்டுப்போனதற்கும் செய்யுங்கள்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் மலைக்காட்டுத் தொல்லியலுக்கெனத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் எங்களுக்கு வேண்டாம்.

— லப்பைக்குடிக்காடு வட்டார மக்கள்