இந்த வயசுல எதுக்கு கராத்தே?

நவி மும்பையின் நெருளில் மாலை ஆறரைக்கு மேல் சுற்றி வந்தால் ஏதாவது ஒரு கராத்தே கிளாஸ் கண்ணில் படும். சொசைட்டியின் கார் நிறுத்துமிடம், பள்ளி மைதானத்தின் ஓரம், கல்யாண மண்டபத்தின் மாடி என்று கிடைத்த இடத்தில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டே உதைப்பார்கள். அப்பாக்கள் சுவரோரம் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் சேரலாமே என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்? விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரு பாக்கறது?" செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் வீடுகளில் இதே தீர்ப்புதான். நாற்பத்தைந்து தாண்டினால் வாக்கிங், அறுபது தாண்டினால் பார்க் பெஞ்ச். ஐந்தில் வளையாததைப் பற்றிய பழமொழியும் தயாராக இருக்கும்.

இடுப்பைப் பற்றிய அக்கறையாக இது தோன்றுகிறது. உண்மையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையே இது மறைத்துவிடுகிறது.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூட ஜூடோவில் 1983 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம். கிழவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் எலும்பு வளரும் வயதுப் பிள்ளைகள். அவர்களிலும் நிறையப் பேர் முதலாண்டு மாணவர்கள். ஒழுங்காக விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தூக்கி எறியப்பட்டவர்கள். பிரான்சில் ஜூடோ பழகுவோர் ஜப்பானைவிட அதிகம், ஆனால் அங்கே இப்படி ஒரு சாவு வரிசை இல்லை. அரசுச் சான்றிதழ் இல்லாதவர் ஜூடோ சொல்லித்தரக் கூடாது என்று 1955லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆக, உயிரைக் காப்பதும் வாங்குவதும் வாத்தியார்தான். நம் ஊரில் அவருக்கு அப்படி ஒரு உரிமம் தேவையில்லை. ஒரு கருப்பு பெல்ட்டும் ஒரு பிளெக்ஸ் பேனரும் இருந்தால் நாளைக்கே கிளாஸ் ஆரம்பிக்கலாம்.

விழுவதற்குப் பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் சாகிறவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். இவர்களெல்லாம் கராத்தே மேட்டில் விழுந்தவர்களா? குளியலறை ஈரம், படிக்கட்டு, ஜூலை மாதத்து நடைபாதைப் பாசி, நிற்பதற்குள் இறங்கிய லோக்கல் ரயில். விழுவது எப்படியும் நடக்கப் போகிறது. விழத் தெரிந்தவராக விழுவோமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஓரிகனில் 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. சீனத் தற்காப்புக் கலையான தாய் சியைத் தழுவிய பயிற்சி எடுத்தவர்கள், வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். தாய் சி மெதுவானது, அந்த எண்ணை எல்லாக் கலைக்கும் ஒட்டிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று கவனிப்பதுதானே எல்லாவற்றுக்கும் அடிப்படை? சிலம்பத்தில் ஆசான் கம்பைச் சுழற்றவிடும் முன் காலடியைத்தான் திருத்துவார்.

சமையல்காரரும் எழுத்தாளருமான அந்தோணி போர்டைன் அறுபதை நெருங்கும்போதுதான் பிரேசிலிய ஜியு-ஜிட்சு மேட்டில் முதன்முதலாக இறங்கினார். இளமையில் ஹெராயின், அப்புறம் பல காலம் சிகரெட் என்று பாழாக்கிய உடம்பு அது. 2016இல் நியூயார்க் போட்டியில் தன் வயதுப் பிரிவில் தங்கம் வாங்கினார். அவரிடம் காசு இருந்தது, தனிப்பயிற்சி எடுத்தார் என்பீர்கள். சரிதான். காசு இல்லாதவர் இன்னும் நிதானமாகப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

பயத்தை விட்டவர்களும் தவறுவது அங்கேதான். அலமாரி நிறையக் கோப்பை இருக்கும் பள்ளியைத் தேடிப் போகிறார்கள். அந்தக் கோப்பைகளை வாங்கியவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைகள். உங்கள் நாற்பத்தெட்டு வயது முழங்காலை அந்த வாத்தியார் எப்படி நடத்துவார் என்று கோப்பை சொல்லாது. பெல்ட்டும் சொல்லாது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வண்ணப் படிவரிசை 1930களில் பாரிஸ் வழியாகப் பரவியது. ஐரோப்பிய மாணவர்கள் சலித்து ஓடிவிடாமல் இருக்க அது உதவியது. இங்கே ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பரீட்சைக் கட்டணம்.

பெயர் பெற்ற பள்ளி என்று வடாலாவில் வண்டி மாறி அந்தேரிவரை போகிறவர் முதல் மழையோடு நின்றுவிடுவார். நடந்து போகும் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். சேர்க்கும்போது பி.பி., டிஸ்க், பழைய அறுவை சிகிச்சை பற்றி வாத்தியாராகவே கேட்கிறாரா? முதல் மாதம் விழவும் உருளவும் கற்றுத்தருகிறாரா, இல்லை முதல் நாளே உதைக்கச் சொல்கிறாரா? முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் பயிற்சியை மாற்றித் தருகிறாரா, "என்ன அங்கிள், பயமா?" என்று பிள்ளைகள் முன்னால் சிரிக்கிறாரா? சிரிக்கிறவரிடம் எத்தனை பெரிய பெல்ட் இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உங்கள் வயதுக்காரர் யாராவது ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள்; இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே பாதித் தீர்ப்பு. ஐம்பது வயதில் தலையில் குத்து வாங்கும் பயிற்சி முட்டாள்தனம். அதைத் தவிர்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால் முகம் சுளிக்காத இடமாக இருக்கட்டும்.

டெமோ என்று அழைக்கும் நாளில் போகாதீர்கள், அன்று எல்லாரும் நல்லவர்கள். சாதாரண புதன்கிழமை ஒன்றில் போய் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடாத வாத்தியாரிடம் பணம் கட்டாதீர்கள்.