இதுக்கு ஏன் பில் போடறதில்லை?

பி.காம். படித்தவனின் பழக்கதோஷம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் கண் முதலில் பில்லில்தான் போய் விழும். அறை வாடகை, ஊசி, ஸ்கேன், கையுறை, பஞ்சு என்று ஒன்றுவிடாமல் கணக்கு இருக்கும். அடுத்த முறை உங்கள் கைக்கு ஒரு பில் வந்தால் ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். ‘நோயாளியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கு’ என்று ஒரு வரி. அநேகமாகக் கிடைக்காது.

டிப்ரஷன் என்கிற மனச்சோர்வுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் நடக்கிற வைத்தியத்தின் லட்சணம், அந்த இல்லாத வரியில்தான் இருக்கிறது.

“தூக்கம் வருதா? பசிக்குதா?” இரண்டு கேள்வி. ஒரு சீட்டு. “பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க.” டோக்கன் நம்பர் அடுத்து!

மாத்திரை மேல் எனக்குப் பகை கிடையாது. தீவிரமான மனச்சோர்வில் அது உயிரையே காப்பாற்றுகிறது. டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. ‘மருந்தைத் தூக்கிப் போடு, நான் பார்த்துக்கறேன்’ என்று தாயத்தோடு வருகிற ஆசாமிகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் சண்டை வேறு. மாத்திரையோடு சேர்த்து, சிலருக்கு மாத்திரைக்கு முன்பே, தரவேண்டிய மற்ற வைத்தியங்களை ஏன் கண்ணிலேயே காட்டுவதில்லை?

பிரிட்டனில் மருத்துவர்களுக்கு நெறிமுறை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை எழுதாதீர்கள், நோயாளியே விரும்பிக் கேட்டால் தவிர. பேச்சு சிகிச்சை, குழுவாகச் செய்யும் உடற்பயிற்சி என்று முதலில் தரவேண்டியவற்றின் பட்டியலையும் கொடுத்திருக்கிறது.

“அது பிரிட்டன் சார். இங்கே பேசறதுக்கு ஆள் ஏது?” என்பார்கள். பாதி நியாயம். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்கிற கணக்கையே நாம் இன்னும் தொடவில்லை.

மீதிப் பாதிக்குப் பதில் கோவாவில் இருக்கிறது. அங்கே சங்காத் என்கிற தொண்டு நிறுவனமும் டாக்டர் விக்ரம் படேலின் குழுவும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பேச உட்கார்ந்தவர்கள் டாக்டர்கள் இல்லை. மனநலத்தில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர்க்காரர்கள். பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு நோயாளிக்கு ஆறிலிருந்து எட்டு சந்திப்பு. ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி.

பேச்சு என்றால் ‘தைரியமா இருங்க’ என்கிற உபதேசம் அல்ல. முன்பு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தீர்கள், எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், நாளைக் காலை அதில் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாமா? வாசலில் கோலம் போடுவதாக இருக்கலாம். பக்கத்துத் தெரு வரை நடப்பதாக இருக்கலாம். மனசு சரியானால் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையில் இறங்கி மனசைப் பின்னாலேயே இழுத்து வருவது. இதுதான் சூத்திரம்.

பலன்? மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவிகிதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். கூடவே இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் 64 சதவிகிதம்! லேசான கேஸ்களை வைத்துக் காட்டிய வித்தை இல்லை இது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருமே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். 2017-ல் ‘லான்செட்’ இதழிலேயே வந்த முடிவு. ஆள் இல்லை என்பது காரணமா, சாக்கா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். கனடாவின் எட்மன்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பாதி அறைகளில் நல்ல வெயில் விழும், மீதி அறைகளில் விழாது. மனச்சோர்வு நோயாளிகள் எத்தனை நாளில் வீடு திரும்பினார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். வெயில் அறையில் சராசரி 16.9 நாள். மற்றதில் 19.5 நாள். 1996-ல் வந்த சின்ன ஆய்வுதான். ஆனால், ஜன்னலைத் திறந்துவிட என்ன செலவு? நம் ஊரிலோ வெளிச்சம் வருகிற அறைக்கு ‘டீலக்ஸ்’ என்று பெயர், வாடகை தனி!

கணக்குப் படித்தவனுக்கு இங்கே ஒரு விஷமச் சந்தேகம் வருகிறது. நோயாளி இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனால் லாபம் நோயாளிக்கு. நஷ்டம் யாருக்கு?

இது மனநல வார்டோடு முடிகிற விஷயமும் இல்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனச்சோர்வில் விழுகிறார். இதயத்தைப் பார்க்க இ.சி.ஜி. உண்டு, எக்கோ உண்டு. “ஏன் சுவரைப் பார்த்துப் படுத்துட்டிருக்கீங்க?” என்று கேட்க அந்த வார்டில் யார் இருக்கிறார்கள்?

உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. படுக்கையில் சேர்ந்தால் பணம் கிடைக்கும். வெளிநோயாளியாக வாராவாரம் பேசிவிட்டு வருகிற செலவைப் பெரும்பாலான பாலிசிகள் கண்டுகொள்வதில்லை. படுத்தால்தான் காசு என்றால், படுக்காமல் காப்பாற்ற யார் மெனக்கெடுவார்கள்?

அரசாங்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்ற நாலு பேரைப் பேசுவதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். தனியார் முதலாளிகளுக்கு ஒன்று. அந்த அரை மணி நேரத்துக்கும் பில் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, கொடுக்கிறோம். ஆனால், முதலில் பேசுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. வீட்டில் யாராவது இந்த இருட்டில் இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’, காசு கிடையாது. அடுத்த முறை டாக்டர் சீட்டை நீட்டும்போது வாங்கிக்கொண்டு உடனே எழுந்துவிடாதீர்கள். “மாத்திரையோட வேற என்ன தரப் போறீங்க டாக்டர்?” என்று கேளுங்கள்.

பதில் வரும்வரை நாற்காலியை விட்டு நகராதீர்கள்.