சுள்ளிக்கட்டு யார் கணக்கில்?

2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அடுத்த ஆண்டு எகிப்தில் நடந்த மாநாட்டில், பாரிஸ் ஒப்பந்தம் கேட்டபடி, அதற்கான நீண்டகாலத் திட்டத்தையும் கொடுத்தது. இன்று இருபது வயதில் இருக்கும் பெண் 2070-இல் அறுபதைத் தாண்டியிருப்பாள். அதுவரை அவள் சுமக்கப்போவது என்ன என்று கேட்பது நம் வேலை.

‘நிகர’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. புகைபோக்கிகள் வெளியே தள்ளும் கரியமில வாயுவிலிருந்து, மரங்கள் உறிஞ்சுவதைக் கழித்துக்கொள்ளலாம். கழிக்க வேண்டுமென்றால் மரம் வேண்டும், மரத்துக்கு நிலம் வேண்டும். 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சக்கூடிய அளவுக்குக் காட்டையும் மரப் பரப்பையும் கூட்டுவோம் என்று 2015-இலேயே இந்தியா வாக்களித்திருக்கிறது.

அந்த நிலம் எங்கே இருக்கிறது? பதிவேட்டில் அதன் பெயர் தரிசு, புறம்போக்கு. ஆனால் ஆடு மேய்ப்பதும், சுள்ளி பொறுக்குவதும், கீரை பறிப்பதும், புளி உலுக்குவதும் அங்கேதான். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும் ஊரில், நிலமற்ற பெண் உரிமையோடு கால் வைக்கும் ஒரே நிலம் அது. அரசின் கண்ணுக்கு அது காலி இடம்.

எந்த மரம் என்பதும் முக்கியம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை பத்து சதவீதம் இருந்தால் போதும், அது யாருடையதானாலும் என்ன மரமானாலும் அரசின் காட்டு அறிக்கையில் காடுதான். புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரத் தோப்பும் இந்தக் கணக்கில் காடு. தைல இலையை ஆடு தொடாது. ஆட்டுக்காரப் பெண் இன்னும் தூரம் நடப்பாள். அந்த நடை எந்த நாட்டின் காலநிலை அறிக்கையிலும் ஏறாது.

‘கேஸ் கொடுத்துவிட்டோமே, இன்னும் சுள்ளி எதற்கு?’ என்பார்கள். விறகடுப்புக்கு நாம் கோயில் கட்டவில்லை. அந்தப் புகை பெண்களின் நுரையீரலைத் தின்கிறது என்பது நமக்குத் தெரியும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைக் கொடுத்தது. மறு சிலிண்டர் வாங்கும் கூலியைக் கொடுக்கவில்லை. காசு தீர்ந்த வாரம் அவள் மறுபடி காட்டுக்குத்தான் போகிறாள். அங்கே இப்போது வேலி நிற்கிறது.

மரம் நடுவது மலிவான வழி என்கிறார்கள் நிபுணர்கள். அவளுடைய உழைப்புக்கு விலை போடாததால்தான் அது மலிவு. நேரத்தை அளக்க அரசுக்குத் தெரியாமலில்லை. 2019-இன் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், அதே வேலை செய்யும் ஆண் 97 நிமிடம். நிமிடக் கணக்கு ஒரு துறையிலும் கார்பன் கணக்கு இன்னொரு துறையிலும் கிடக்கின்றன.

பணக்கார நாடுகளுக்கும் இது வசதி. 2024-இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். 2035-க்குள் எட்டுவதாகப் பணக்கார நாடுகள் ஏற்ற இலக்கு 30,000 கோடி டாலர். பணம் வராதபோது ஏழை நாடு கையில் மிஞ்சுவது மரக்கன்று. அந்த மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவில் முதலில் இருந்தது 28 ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. கண்டனம் எழுந்த பிறகு பெண்களைச் சேர்த்தார்கள். 2014-இல் லிமாவில் தொடங்கிய பாலினச் செயல்திட்டத்தையும் அங்கே பத்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள். நாற்காலி வேண்டும்தான். ஆனால் அதே கணக்கேட்டை ஒரு பெண் வாசித்தால் சுள்ளிக்கட்டின் எடை குறைந்துவிடாது.

நாம் கேட்பது மூன்று. முதலாவது, உமிழ்வைக் குறைப்பதும் மரம் உறிஞ்சுவதும் தனித்தனி இலக்குகளாக நிற்கட்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பக் கூடாது. இரண்டாவது, பெண்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளாத கிராம சபையின் பொதுநிலத்தில் நட்ட எந்த மரமும் நாட்டின் கணக்கில் ஏறக் கூடாது. 2006-இன் வன உரிமைச் சட்டம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை கொடுக்கச் சொல்கிறது. 2016-இன் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்திலோ கிராம சபையின் ஒப்புதல் ஒரு நிபந்தனையாகவே இல்லை. மூன்றாவது, ஒவ்வொரு காலநிலைத் திட்டமும் பெண்ணின் நாளில் எத்தனை நிமிடத்தைக் கூட்டியது, எத்தனையைக் குறைத்தது என்று எழுதிக் காட்டட்டும்.

2070 வரை பொறுத்திருக்கச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும். நாளைக் காலையில் அடுப்பு எரிந்தாக வேண்டும்.