மூட்டையில் முறுக்கு இருக்கிறது, காலைப் பசிக்கு என்ன இருக்கிறது?

நான் ஆம்பூரில் வசிக்கும் இல்லத்தரசி. பத்தாவது வரைதான் படித்தேன். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் திருப்பத்தூரோடு சேர்த்து விட்டார்கள். ஆனாலும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் 'வேலூர் பக்கம்' என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது. பழக்க தோஷம்.

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமெல்லாம் தோலும் ஷூவும்தான் சோறு போடுகிறது. அது போதாத வீடுகளில் ஒரு பிள்ளை வெளிநாடு போயிருப்பான். அவன் புறப்படுகிற வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். முறுக்கு ஒரு டின், அதிரசம் ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி. பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்து, கடைசியில் சட்டையை எடுத்துவிட்டு முறுக்கை வைப்போம். என் தம்பி ஷார்ஜாவுக்குப் போனபோது எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். நானும் கூட உட்கார்ந்து பிழிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "காலையில என்னடா சாப்பிடுறே?" என்று கேட்டேன். "டீயும் ரெண்டு பிஸ்கட்டும்க்கா. சில நாள் அதுவும் இல்லை" என்றான்.

அந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நேரத்தை ஈடுகட்ட இவனுக்கு வேலையை விடியலிலேயே ஆரம்பித்து விடுகிறார்களாம். நாலரை மணிக்கு பஸ். நமக்கு அப்போது மணி ஆறு. அம்மா வாசல் தெளித்துக் கொண்டிருப்பார். அவன் வெறும் வயிற்றோடு பஸ்ஸில் தூங்கிக் கொண்டிருப்பான்.

"ஏண்டா, அத்தனை முறுக்கு குடுத்து விட்டோமே?" என்று அம்மா கேட்டார். ரூமில் எட்டுப் பேராம். முதல் வாரத்திலேயே காலி. "ரூம்ல ஸ்டவ் இருக்கு, கடையில ரவை இருக்கு. எனக்கு அதை என்ன பண்றதுன்னு தெரியணும் இல்ல?" என்றான். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

சகோதரிகளே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே உப்புமா கிண்டக் கற்றுக் கொடுத்தார்கள். 'போற இடத்துல பேர் வாங்கணும்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நான் போனது பக்கத்துத் தெருவுக்குத்தான்! கடல் தாண்டிப் போகிறவனுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் காலையில் ஷூ கம்பெனி வண்டி வருவதற்குள் டிபன் செய்து, மதியத்துக்கும் கட்டி வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். அதே வீட்டுப் பையன்கள் அந்த நேரத்தில் தட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இதில் கம்பெனியையோ அரபு நாட்டையோ குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது நம் வீட்டுத் தப்பு. முறுக்கு பிழிந்த நானும் அதில் சேர்த்தி.

நாற்பத்தைந்து நாள் லீவு. தினம் காலையில் அவனை அடுப்படியில் நிறுத்தினேன். "ஆம்பிளைப் பிள்ளையை இப்படி நிக்க வைக்கிறியே" என்று அம்மா முதல் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்து, "கடுகு வெடிச்ச பிறகு பருப்பு போடுடா" என்றார்.

முதலில் சொல்லிக் கொடுத்தது ரவை. அரை கிலோ வெள்ளை ரவையைக் கைவிடாமல் சூடு ஏற வறுக்க வேண்டும். தனியாக எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து ரவையில் கொட்டி, உப்புப் போட்டுப் பிரட்டி, நன்றாக ஆறின பிறகு டப்பாவில் போடவேண்டும். கறிவேப்பிலை மொறுமொறுவென்று பொரிந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து செய்தால் இரண்டு வாரத்துக்கு வரும். காலையில் ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர், கிளறி மூடி வைத்தால் முகம் கழுவி வருவதற்குள் உப்புமா. 'உப்புமாவா' என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் அரசு காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொண்டு போனார்களே, அதில் பிள்ளைகளுக்குப் போடுவதும் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான். பிள்ளைகள் வயிறு நிறைந்து பாடம் கவனிக்க அது போதுமென்றால் நம் பையனுக்கும் போதும்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது அவல். அவல் ஏற்கெனவே வெந்த நெல்லை இடித்ததுதானே, அதனால் அதற்கு அடுப்பே வேண்டாம். கெட்டி அவலை அலசி, தண்ணீரை வடித்துப் பத்து நிமிடம் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். பருப்புப் பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் தீர்ந்தது. ரூமில் அடுப்பு வைக்க விடாதவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

கேழ்வரகு மாவை வறுத்து எடுத்துப் போகலாம். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் முதல் நாள் அவன் உருண்டை உருண்டையாகக் கஞ்சி குடித்தான்.

அங்கே குப்பூஸ் ரொட்டி மலிவு, எங்கும் கிடைக்கும். வெறும் குப்பூஸை டீயில் தொட்டுத் தின்பதைத்தான் அவர்கள் டிபன் என்கிறார்கள். அதையே பிய்த்துப் போட்டு, வெங்காயம் வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் போட்டுக் கொத்தினால் நம் ஊர் முட்டைக் கொத்து மாதிரியே இருக்கிறது. இது அவனே கண்டுபிடித்து எனக்குச் சொன்னது.

இட்லி மாவு ஊருக்கு ஊர் வேறு வித்தை. வளைகுடா வெயிலில் கொஞ்ச நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். பொங்கினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். லண்டனில் நர்சாக இருக்கும் என் சித்தி மகள் கதை நேர்மாறு. குளிரில் ஒரு நாள் வைத்தாலும் மாவு அப்படியே கிடக்கும். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டு அரைத்து, ஓவனைப் பற்ற வைக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, ராத்திரி முழுக்க அதில் வைக்கிறாள். அந்தச் சூடே போதுமாம். நேரமில்லாத நாளில் ரவா இட்லி. அதுவே அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான்; இரண்டாம் உலகப் போர் சமயம் பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டலில் அரிசிக்குப் பதில் ரவையை வைத்துச் செய்து பார்த்தார்களாம்.

மூட்டை கட்டும் சகோதரிகள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். கசகசாவை வளைகுடா பக்கம் அனுப்பாதீர்கள். அது அபினி செடியின் விதை என்பதால் துபாய், ஷார்ஜா உள்ள அமீரகத்திலும் சவுதியிலும் போதைப் பொருள் கணக்கில் தடை. நமக்குக் குருமா சாமான். அங்கே கேஸ், ஜெயில். எங்கள் அம்மா அரைத்த குருமாப் பொடியில் அது இருந்தது. கடைசி நிமிடத்தில் தம்பிதான் ஞாபகம் வந்து எடுத்து வைத்தான். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அமெரிக்கா போகிறவர்களுக்குப் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி என்பதால், இலையோடு பூச்சி வந்து தங்கள் தோட்டங்கள் அழியும் என்று அவர்கள் தடுக்கிறார்கள்.

தம்பி திரும்பிப் போய் ஏழு மாதம் ஆகிறது. ரவை, அவல், சேமியா எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்கிறான். ரூமில் முறை போட்டுச் செய்கிறார்களாம். செவ்வாயும் சனியும் இவன். போன வாரம் போனில், "அக்கா, அடுத்த தடவை முறுக்கைக் குறைச்சுக்கோ, பருப்புப் பொடியைக் கூட வை" என்றான். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒன்பதாவது படிக்கும் என் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை விட்டுக் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிறு அவல் செய்தான். உப்பு அள்ளிப் போட்டுவிட்டான். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

— ஒரு வாசகி, ஆம்பூர்