39 வந்தது யார் பிழை?



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தன. சுங்கை பாக்காப்பில் என் வீட்டில் உட்கார்ந்தபடி, படிவம் 4 மாணவர்களுக்குத் தனி ஊசல் சோதனையைப் புலனத்தில் அனுப்பினேன். நான் எழுதியது நான்கே வாக்கியங்கள்: ஒரு நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீளத்தை 1 மீட்டராக வையுங்கள். 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுங்கள். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுங்கள்.

விடை 9.8-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு மாணவர் 39 என்று அனுப்பினார். ஒரு மாணவி 12.2 என்று அனுப்பினார். இருவருமே நன்றாகப் படிப்பவர்கள். கணக்கிலும் தவறில்லை. பிறகு எங்கே பிசகியது?

39 கண்ட மாணவர், பூட்டு இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போனதையே ஓர் அலைவாக எண்ணியிருந்தார். உண்மையில் அது பாதிதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் முழு அலைவு. 1 மீட்டர் ஊசலின் முழு அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகும்; அவருக்கு 1 விநாடி கிடைத்தது. நீளம் 1 மீட்டர் என்றால், 39.5-ஐ அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பதே கணக்கு. நேரம் பாதியானால் விடை நான்கு மடங்காகும். அதனால்தான் 39.

மாணவி எண்ணியதில் தவறில்லை. ஆனால் 20 அலைவுகள் எதற்கு, ஒன்றே போதாதா என்று நினைத்து ஒன்றை மட்டும் அளந்தார். கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும்போது விரல் 0.2 விநாடி முந்திவிட்டது, 1.8 விநாடி என்று காட்டியது. 2 விநாடியில் 0.2 விநாடி என்பது 10 விழுக்காட்டுப் பிழை. அதே விரல் 20 அலைவுகளை, அதாவது 40 விநாடிகளை அளந்திருந்தால், பிழை அரை விழுக்காடுதான்.

இப்போது சொல்லுங்கள், இவை யார் பிழை? என் பிழை. முதல் மாணவருக்கு ‘முழு’ என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். மாணவிக்கு ஏன் 20 என்ற காரணத்தைச் சொல்லாமல் விட்டேன். ஆய்வுக்கூடத்தில் மேசை மேசையாக நடக்கும்போது இவற்றைப் போகிற போக்கில் திருத்தியிருப்பேன். வீட்டில் தனியாக இருந்த மாணவரிடம் என் கண் இல்லை. நான் எழுதியது மட்டுமே இருந்தது.

தொலைநிலைக் கல்வியின் முழுச் சிக்கலும் இந்த 39-க்குள் அடங்கியிருக்கிறது என்பேன். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை, அவர் விழுவதற்கு முன்பே ஊகித்து எழுத வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலைப் பாடம் ஒன்றைத் திட்டமிடுகிறது என்றால் அதன் பெரும்பகுதி வேலை இதுதான்.

இது உங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்ததும் உங்களில் சிலர் வேலைக்குப் போவீர்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க நினைப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு பணிக்கு வந்த நானும் அப்படிப்பட்ட பட்டப்படிப்புகளைத் தேடிக்கொண்டிருப்பவன்தான். அதில் போடப்போவது நம் பணம், நம் இரவுகள், நம் சில ஆண்டுகள்.

நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. நாம் யுஎஸ்எம் என்று அழைக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் பினாங்கிலிருந்து வளாகத்துக்கு வெளியே படிக்கும் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் அதுவே முதல் முயற்சி. அதில் அறிவியல் பட்டமும் இருந்தது. அறிவியலை அஞ்சலில் மட்டும் கற்பிக்க முடியாது என்பதை அன்று திட்டமிட்டவர்கள் உணர்ந்திருந்தார்கள். பணியில் இருந்த மாணவர்கள் ஆண்டுதோறும் சில வாரங்கள் வளாகத்துக்கு வந்து செறிவு வகுப்புகளில் கலந்துகொண்டார்கள். தொடக்கக் காலத்தில் இறுதியாண்டை வளாகத்திலேயே முழுநேரமாகப் படிக்க வேண்டியிருந்தது.

அதே 1971-இல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட மாணவர்களோடு பாடங்களைத் தொடங்கியது. அது வேறு வழியில் சென்றது. மாணவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பதோடு நிற்காமல், ஆய்வுக்கூடத்தையே பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பியது. அறிவியல் மாணவர்களுக்குச் சென்ற பெட்டியில் கையடக்கமான ஒரு நெகிழி நுண்ணோக்கியும் இருந்தது. அதன் மூல வடிவத்தைக் கண்டவர் ஜான் மெக்ஆர்தர். இன்றைய சபாவான வட போர்னியோவில் மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் அவர்! நம் காடுகளை அறிந்த ஒருவரின் கருவி, இங்கிலாந்து வீடுகளின் சமையலறை மேசைகளை ஆய்வுக்கூடம் ஆக்கியது.

அங்கே ஒரு பாடத்தை ஒரே பேராசிரியர் எழுதி முடிப்பதில்லை. பாட வல்லுநர்கள், கல்வித் தொழில்நுட்பம் அறிந்தவர்கள், பதிப்பாசிரியர்கள், பிபிசி தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரு குழுவாக அமர்ந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கேள்வி கேட்டார்கள். பாடத்தின் நடுவே வினாக்கள் வரும். விடைகள் விளக்கத்தோடு தனியே இருக்கும். என் நான்கு வாக்கியங்களை அப்படிப்பட்ட குழு படித்திருந்தால், “எது ஓர் அலைவு?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டிருப்பார்.

இன்று நிலைமை எளிதாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. இயங்கலையில் விரிவுரைக் காணொளியைப் பதிவேற்றலாம், படவில்லைகளை இணைக்கலாம், ஒரே வாரத்தில் ஒரு பாடம் தயார். அது பாடம் ஆகாது என்பது என் கருத்து. வகுப்பறைக்காகச் செய்ததைத் தூரத்துக்கு அனுப்பினால், வகுப்பறையில் ஆசிரியர் வாயால் சொன்னதெல்லாம் விடுபட்டுப் போகும்.

“சோதனைக்குக் கணினிப் பாவனை இருக்கிறதே!” என்று சிலர் கேட்பார்கள். பாவனை நல்லதுதான், அணு உலையை யாரும் வீட்டில் வைக்க முடியாது. ஆனால் திரையில் ஆடும் ஊசல் ஒருநாளும் 39 தராது. விரல் முந்துவதும், எண்ணிக்கை தவறுவதும், பூட்டு தள்ளாடுவதும் அங்கே நடப்பதில்லை. தன் அளவீட்டைத் தானே சந்தேகிக்கக் கற்றுக்கொள்வதுதான் அறிவியல். அதை 39 கற்றுக்கொடுக்கும், 9.8 மட்டுமே காட்டும் திரை கற்றுக்கொடுக்காது.

நன்றாகத் திட்டமிட்டால் செலவு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் ஒருமுறை கவனமாக எழுதிய பாடம் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயன்படும். அங்கே மிச்சம் பிடித்தால், அந்த நட்டத்தை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே சுமக்க நேரும்.

ஆகவே, நாளை நீங்கள் ஒரு தொலைநிலைப் படிப்பில் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாடத்தின் நடுவே நான் செய்து பார்க்க வினாக்களும் அவற்றுக்கு விளக்கமும் உண்டா? என் ஒப்படைப்பைத் திருத்தி, எங்கே தவறினேன் என்று எழுதுபவர் யார், எத்தனை நாளில் எழுதுவார்? செய்முறைகளை எங்கே, எத்தனை மணி நேரம் செய்வேன்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் கையொப்பம் இடாதீர்கள்.

அதுவரை ஒரு சிறு வேலை தருகிறேன். தனி ஊசல் சோதனையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதை இன்னும் படிக்காத தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் நெற்றியைச் சுருக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்தி எழுதுங்கள். அவருக்கு 9.8-க்குப் பக்கத்தில் விடை வரும்வரை இதைத் தொடருங்கள்.

நான் என் பக்கத்தை ஆறு முறை திருத்தினேன்.