அரை காலன் ஜாடியும் அரைகுறைச் சட்டமும்

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கின் நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகளில், பொழுது சாய்ந்தால் சிறுவர்கள் தூக்குவாளியோடு தெருமுனைக்கு ஓடுவார்கள். பால் வாங்க அல்ல, அப்பாவுக்கு பீர் வாங்க. மதுக்கடைக்காரர் பீப்பாயிலிருந்து வாளியை நிரப்பிக் கொடுப்பார். அந்த வாளிக்குத்தான் ‘கிரவுலர்’ என்று பெயர். உள்ளே அடைபட்ட வாயு மூடியை உந்தி உறுமியதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்நகரின் ஏழைகள் வாழ்ந்த வாழ்வைப் படத்திலும் எழுத்திலும் பதிந்த ஜேக்கப் ரீஸ், 1890-இல் வெளிவந்த தம் நூலில் இந்த வாளியைக் கடுமையாகச் சாடினார். பிள்ளைகளிடம் மதுவைக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அன்றும் ஏட்டில் இருந்தது. வாளிகளும் நிறைந்துகொண்டே இருந்தன.

1920-இல் வந்த மதுவிலக்கு அந்தக் கடைகளை மூடியது. 1933-இல் விலக்கு நீங்கிய பிறகு புட்டியும் டின்னும் வாளியின் இடத்தைப் பிடித்தன. கிரவுலர் என்ற சொல்லே ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. 1989-இல் வயோமிங் மாநிலத்தில் வில்சன் என்ற சிற்றூரில் சிறு ஆலை நடத்திய ஓட்டோ சகோதரர்கள், புட்டியில் அடைக்கும் இயந்திரம் வாங்க வழியில்லாத நிலையில், அரை காலன் கண்ணாடி ஜாடிக்கு அந்தப் பழைய பெயரைச் சூட்டி பீரை நிரப்பி விற்றார்கள். 64 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 1.9 லிட்டர். குடித்து முடித்தால் ஜாடியைக் கழுவி எடுத்துவந்து மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம்.

அங்கிருந்து அந்த ஜாடி நாடு முழுதும் பரவியது. ஆலையின் வாசலைத் தாண்டி, தெருவிலுள்ள மதுக்கடைக்குள்ளும் வந்தது. கடையின் ஒரு பக்கம் வரிசையாகக் குழாய்கள், சுவரில் அன்றைக்கு எந்த ஆலையின் எந்த பீர் என்ற பட்டியல், நிரப்பிக் கொடுக்க ஓர் ஊழியர். ஆனால் இந்த ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ஓரிடத்தில் கடைக்காரர் நிரப்பலாம், இன்னோரிடத்தில் ஆலை மட்டுமே நிரப்பலாம். ஓரிடத்தில் ஜாடியின் அளவு குற்றம், எல்லையைக் கடந்தால் அதே ஜாடி சரக்கு.

மதுவைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமையும் கடமையும் உண்டு. அதில் நமக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த உரிமை மக்களின் உடல்நலத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் தரப்பட்டது. இடையில் நிற்கும் மொத்த வியாபாரியின் வருமானத்துக்கு வேலி கட்டுவதற்காக அல்ல. உரிமம் பெற்ற மதுக்கடைகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் ஜாடியில் பீர் நிரப்பித் தருவதை, கறாரான நிபந்தனைகளோடு, எல்லா மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

ஃப்ளோரிடாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். சட்டம் வழிதவறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே பல பத்தாண்டுகளாக பீர் புட்டிகள் 8, 12, 16, 32 அவுன்ஸ் ஆகிய நான்கே அளவுகளில்தான் விற்கப்படலாம் என்று இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் 330 மில்லி, 500 மில்லி புட்டிகளுக்குக்கூட அந்த மாநிலத்தில் இடமிருக்கவில்லை. 2001-இல் பீர் விரும்பிகள் போராடி அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் புதிய விதி இப்படி அமைந்தது: 32 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது, ஒரு காலன், அதாவது 128 அவுன்ஸ், அதற்கு மேற்பட்ட கலன்களுக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது. நாடெங்கும் புழங்கிய 64 அவுன்ஸ் ஜாடி இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

இதன் பொருள் என்ன? ஒருவர் 32 அவுன்ஸ் ஜாடிகளில் இரண்டை வாங்கி இரு கைகளில் தூக்கிப் போகலாம். 128 அவுன்ஸ் ஜாடி ஒன்றை நிரப்பிக்கொண்டும் போகலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட 64 அவுன்ஸை ஒரே ஜாடியில் வாங்கினால்தான் அன்று சட்டவிரோதம். குடிப்பவரின் உடலுக்கு இதில் என்ன பாதுகாப்பு? குடும்பத்துக்கு என்ன காப்பு? சாலையில் போகிறவருக்கு என்ன நன்மை? ஒன்றுமில்லை. அந்த விதியை வைத்திருந்தவர்களால் மக்கள் நலன் சார்ந்த காரணம் எதையும் நேர்மையாகச் சொல்ல முடிந்ததில்லை.

2014-இல் ஸ்டூவர்ட் என்ற ஊரில் குழாய் பீர் விற்ற ஒரு கடை, இந்தத் தடையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கே போனது. அதே ஆண்டு மாநில செனட்டில் வந்த மசோதா அதைவிட விநோதமானது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்கும் சிற்றாலைகள், தாங்களே வடித்து, தாங்களே புட்டியில் அடைத்த பீரைத் தங்கள் கூடத்தில் விற்பதற்கு முன், அதை மொத்த வியாபாரியான விநியோகஸ்தரிடமிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டுமாம். சரக்கு ஆலையின் கதவைத் தாண்டாவிட்டாலும் பணம் மட்டும் விநியோகஸ்தர் கைக்குப் போய்வர வேண்டும். நல்லவேளை, அந்த மசோதா நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட சட்டம் 2015 ஜூலை 1 முதல் 64 அவுன்ஸ் ஜாடியை அனுமதித்தது. ஆலைகள் மட்டுமல்ல, உரிய உரிமம் பெற்ற கடைகளும் நிரப்பலாம் என்றது. வானம் இடிந்து விழவில்லை.

விநியோகஸ்தர்கள் தரப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. மதுவிலக்குக்கு முன் பெரிய ஆலைகளே தெருவுக்குத் தெரு கடைகளைக் கைக்குள் வைத்திருந்தன. கடனுக்குச் சரக்கும் சாமானும் கொடுத்து, எப்படியாவது விற்றுத் தீர் என்று கடைக்காரரை நெருக்கின. 1933-க்குப் பிறகு ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்றாகப் பிரித்து வைத்தது அந்தக் கொடுமைக்கு மருந்தாகத்தான். அந்த மருந்து தேவைப்பட்டது. இன்றும் ஓரளவு தேவைதான், ஏனென்றால் பெரிய நிறுவனங்களின் பலம் குறையவில்லை. ஆனால் கடைக்காரர் ஜாடியில் நிரப்புவதால் இந்த மூன்றடுக்கு முறைக்கு என்ன பழுது வந்துவிடுகிறது? கடைக்கு வரும் பீப்பாய் வழக்கம்போல விநியோகஸ்தர் வழியாகவே வரலாம். வரியும் அதே வழியில் கட்டப்படும். மாறுவது கடைசி ஓரடி மட்டும்: பீர் ஆலையிலேயே புட்டிக்குள் போகிறதா, கடையில் ஜாடிக்குள் போகிறதா என்பதுதான்.

அந்த ஓரடிதான் சின்ன ஆலைக்கு வாழ்வு. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கா முழுவதற்கும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் வீட்டில் வடித்துக்கொள்வது கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வீட்டுப் பின்கட்டில் கற்றுக்கொண்டவர்கள் பின்னாளில் ஆலை தொடங்கினார்கள். இன்று எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் மிகப் பல, பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடங்கள். புட்டியடைக்கும் வரிசை, டின் இயந்திரம், அச்சிட்ட அட்டைகள் என்று முதலீடு செய்ய அவர்களிடம் பணம் இருப்பதில்லை. ஆனால் பீப்பாயை நிரப்ப அவர்களால் முடியும். 15.5 காலன் பீப்பாய் ஒன்று சிந்தாமல் இறங்கினால் 31 ஜாடிகள் நிறையும். அதையே 12 அவுன்ஸ் புட்டிகளில் அடைத்தால் 165 புட்டி வேண்டும். அந்த 165 புட்டி, 165 மூடி, 165 அட்டை, அவற்றை அடுக்கும் அட்டைப் பெட்டி எல்லாம் மிச்சம். பெரிய நிறுவனங்களின் சரக்கு நிறைந்த அலமாரியில் இடம் கிடைக்காத உள்ளூர் ஆலைக்கு, கடையின் ஒரு குழாய் கிடைத்தால் போதும்.

இப்போது உண்மையான ஆட்சேபத்துக்கு வருவோம். ஜாடி பெரிதானால் குடியும் பெரிதாகாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நாம் மதிக்கிறோம். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே அறிவித்துவிட்டது. குடியால் அழிந்த குடும்பங்களைத் தெருவுக்குத் தெரு கண்ட நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அளவுதான் கவலை என்றால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களின் பெட்ரோல் பங்குகளில்கூடக் கிடைக்கும் ஆறு புட்டிக் கட்டு 72 அவுன்ஸ். அதை யாரும் தடுக்கவில்லை. 64 அவுன்ஸ் ஜாடி அதைவிடக் குறைவு.

ஆனாலும் இந்த ஜாடிக்கென்றே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை ஆதரவாளர்கள் பேசாமல் கடந்துபோகிறார்கள். ஆறு புட்டி வாங்கியவர் ஒன்றைத் திறந்துவிட்டு ஐந்தை அப்படியே வைக்கலாம். ஜாடியைத் திறந்தால் வாயு போய்விடும். ஓரிரு நாளில் சுவை செத்துவிடும். வீணாகிறதே என்று ஒரே இரவில் காலிசெய்யத் தோன்றும். சிற்றாலைகள் வடிக்கும் ‘கிராஃப்ட்’ பீர்களில் சில 8, 9 சதவீதம் ஆல்கஹால் கொண்டவை. அதில் ஒரு ஜாடியை ஒருவர் ஒரே இரவில் குடித்தால் அது விளையாட்டு அல்ல. எனவே வீரியம் கூடிய பீரை 32 அவுன்ஸுக்கு மேல் நிரப்பக் கூடாது என்று விதிக்கலாம். ஆல்கஹால் அளவைப் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லலாம். அளவுக்கு வரம்பு வைப்பதை நாம் எதிர்க்கவில்லை. காரணம் சொல்ல முடியாத வரம்பைத்தான் எதிர்க்கிறோம்.

கடைக்காரர்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நிரப்பித் தருவது குழாயைத் திருகும் வேலை அல்ல. ஆலையில் புட்டிக்குக் கிடைக்கும் சுத்தமும் கவனமும் கடையின் மேசையில் ஜாடிக்குக் கிடைக்க வேண்டும். குழாய் வாயில் ஒரு ரப்பர் தண்டை மாட்டி அப்படியே பிடித்தால் காற்று கலந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்குள் பீர் பழசாகிவிடும். நல்ல கடைகள் எதிரழுத்த முறையில் நிரப்புகின்றன. ஜாடியை இயந்திரத்தில் இறுக்கிப் பொருத்தி, முதலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் காற்றை விரட்டி, பிறகே பீரை இறக்குவார்கள். நுரை பொங்கி வழிவதில்லை, பீரும் அதிக நாள் நிற்கும். பீப்பாயிலிருந்து குழாய் வரை உள்ள தடத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சிற்றாலைகளின் சங்கமே வகுத்த நெறி. கழுவாத குழாயில் படியும் அழுக்கு, எந்த நல்ல பீரையும் புளிக்க வைத்துவிடும். ஜாடியைக் கழுத்துவரை ததும்ப நிரப்பி வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும் அபாயமும் உண்டு. மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் மூட வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாத கடைக்கு நிரப்பும் உரிமையும் வேண்டாம்.

ஜாடியின் இன்னொரு குணத்தை நாம் அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டியதே இல்லை. எண்ணெய்க்கும் பாலுக்கும் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தப் பழக்கம் போன பிறகு என்ன ஆயிற்று என்பதை நீலகிரி நமக்குக் காட்டியது. காட்டோரம் வீசப்பட்ட மதுப் புட்டிகளின் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிக்கும் நிலை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-இல் டாஸ்மாக் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரும் முறை அங்கே வந்தது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. அமெரிக்காவில் ஓரெகன் மாநிலம் 1971-லேயே புட்டிக்கு வைப்புத்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. கிரவுலரை வைத்திருப்பவரோ யாரும் வற்புறுத்தாமலே அதே கண்ணாடியைத் திரும்பத் திரும்பக் கடைக்கு எடுத்துவருகிறார். அதனால்தான், ஜாடிக்குப் பதில் கடையிலேயே மூடி அடைத்துத் தரும் 32 அவுன்ஸ் அலுமினிய டின்னின் மீது நமக்கு அத்தனை ஈர்ப்பு இல்லை. பீர் அதில் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒருமுறை குடித்தால் அது குப்பை.

ஃப்ளோரிடாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற மாநிலங்களுக்கு நல்ல முன்மாதிரி. ஜாடி நிரப்பும் முன் சுத்தமாக இருக்க வேண்டும். உடனே திறந்து குடிக்க முடியாதபடி முத்திரையிட்டு மூட வேண்டும். தயாரித்த ஆலை, பீரின் பெயர், ஆல்கஹால் சதவீதம் ஆகிய மூன்றும் அதன்மேல் இருக்க வேண்டும். இவற்றோடு, பீர்த் தடத்தைக் கழுவிய தேதிப் பதிவேட்டை ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். 21 வயது நிரம்பியதற்கான அடையாள அட்டையை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பார்க்க வேண்டும். முகம் தெரிந்த வாடிக்கையாளர் என்று விட்டுவிடக் கூடாது. ரீஸ் கண்ட சிறுவர்களின் கைக்கு அந்த வாளி எப்படிப் போயிற்று என்பது நமக்குத் தெரியும்.

முத்திரைச் சீட்டில் இன்னும் ஒரு வரி வேண்டும்: நிரப்பிய நாள். அதற்கு அச்சகமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். நிரப்பும் மேசையில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.