கூண்டுக்குக் காவல் போதாது

தென் அமெரிக்காவின் சிலே நாட்டில், சிலோயே தீவுப் பகுதியின் சால்மன் பண்ணை ஒன்றில் 2007 ஜூலையில் தொற்று இரத்தசோகை வைரஸ் உறுதியானது. மனிதரை அது தொடாது. சால்மனின் செவுளை வெளுக்க வைத்துக் கொன்றுவிடும். 2006-இல் ஏறத்தாழ 3.75 லட்சம் டன்னாக இருந்த அட்லாண்டிக் சால்மன் விளைச்சல், 2010-இல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வைரஸின் மரபுக்கூறு நோர்வே வகையோடு ஒத்துப்போனதால், பழி இறக்குமதியான சால்மன் முட்டைகளின்மேல் விழுந்தது. அது பாதி நியாயம்தான்.

வைரஸ் வந்த வழி வேறு, அது கொள்ளைநோயான வழி வேறு. கூண்டைச் சுற்றியிருப்பது வலை. மீனைத்தான் அது நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. சிலேயில் பண்ணைகள் நெருங்கிக் கிடந்தன. வெவ்வேறு வயது மீன்கள் அக்கம்பக்கமாக வளர்ந்தன. கடல்பேன் அரித்து அவை ஏற்கெனவே நலிந்திருந்தன. ஒருவர் கூண்டில் மீன் நோயுற்றால் நீரோட்டம் நோயை அடுத்தவர் கூண்டுக்குக் கொண்டுபோனது. (1990-களின் நடுவில் நம் கிழக்குக் கரை இறால் குளங்களை வெண்புள்ளி வைரஸ் அழித்ததும் இப்படித்தான்: ஒருவர் வடித்த நீரே மற்றவர் இறைத்த நீர்.) முட்டையைக் கடுமையாகச் சோதித்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த வைரஸுக்குத் தீங்கு செய்யாத வடிவம் ஒன்று உண்டு. அது நோய்க்குறி காட்டாமல் செவுளில் தங்கியிருந்து, பண்ணையிலேயே கொல்லும் வடிவமாக மாறக்கூடியது. வாசலில் நிற்கும் காவலாளி வீட்டுக்குள் பிறக்கும் திருடனை என்ன செய்வார்?

வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளின் அனுபவம் இங்கே எடைமிக்க சான்று. 2000-த்தில் அங்கே நுழைந்த இதே நோய் சால்மன் வளர்ப்புத் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தது. பிறகு வந்த விதிகளின்படி, ஒரு கடற்கூற்றில் ஒரே தலைமுறை மீன்தான். அறுவடை முடிந்ததும் அதைத் தரிசாகப் போடவேண்டும். தொழில் மீண்டது. தீங்கற்ற வடிவம் பின்னரும் அங்கே பரவலாகக் காணப்பட்டது. பழைய கொள்ளைநோய் திரும்பவில்லை. தடுப்பூசியும் போட்டார்களே, பெருமை அதற்கல்லவா என்பது நியாயமான மறுப்பு. ஊசிக்கும் பங்குண்டு. ஆனால் அது நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, தொற்றை முழுதாகத் தடுக்காது. நெருக்கடியான கூண்டில் அதன் பலமும் குறையும். தரிசுக் காலத்தில் வருமானம் போகிறதே என்ற முறையீடும் பொய்யல்ல. ஆனால் அந்தச் செலவைத் தவிர்த்த சிலேயே மூன்றாண்டில் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தது. 2010 சட்டத் திருத்தத்துக்குப் பின் அங்கே பண்ணைகள் ‘பாரியோ’க்களாகத் தொகுக்கப்பட்டன. ஸ்பானிய மொழியில் பாரியோ என்றால் ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதி. அதிலுள்ள எல்லோரும் ஒரே காலத்தில் தரிசு போடவேண்டும், போட்டி நிறுவனங்களாக இருந்தாலும்.